எம்.ஜி.பி: கணக்கில் விட்டுப்போன கார்

1979 செப்டம்பர் 10, திங்கட்கிழமை. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் ஆபிங்டன் என்று ஒரு சிற்றூர். எம்.ஜி. கார் தொழிற்சாலை அந்த ஊருக்கு வந்து ஐம்பது வருடம் ஆனதைக் கொண்டாடி முடித்த கையோடு, முதலாளி நிறுவனமான பிரிட்டிஷ் லேலண்ட் ஓர் அறிவிப்பு விட்டது. ஆபிங்டனில் எம்.ஜி. தயாரிப்பு நிறுத்தப்படும். அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் அந்த நாளைக் கறுப்புத் திங்கள் என்று சொல்கிறார்கள்.

(எம்.ஜி. என்று பார்த்ததும் பின்னால் ஒரு ஆர் சேர்த்துப் படித்துவிட்டு உள்ளே வந்தவர்கள் மன்னிக்க. இது கார் பற்றியது.)

நிறுத்தச் சொன்ன காரணம்: விற்கிற ஒவ்வொரு காருக்கும் 900 பவுண்டு நஷ்டம். நான் பி.காம். படித்தவன். பேங்கில் அடுத்தவர்களுடைய பாலன்ஸ் ஷீட்டைப் படித்துச் சம்பளம் வாங்குகிறவன். இப்படி உருண்டையாக ஓர் எண்ணைக் காட்டினால் அது எங்கிருந்து வந்தது என்று கேட்கத்தான் தோன்றும். அதைப் பின்னால் பார்க்கலாம். எனக்கு இந்தக் கதையில் பெரிய ஆச்சரியம் வேறு. நஷ்டம் என்று எழுதிக் கழித்துவிட்ட அந்த எம்.ஜி.பி காரை, இன்று இங்கிலாந்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோ ரிட்டையரான தபால்காரரோ தன் வீட்டுப் பின்கட்டு ஷெட்டில் வைத்து ஆணி முதல் கூரை வரை புதிதாகக் கட்டி எடுக்க முடியும். கூரை என்று சொன்னது பேச்சுக்கு; இது திறந்த வண்டி. வேண்டிய பாகம் எல்லாம் கிடைக்கும். அந்தக் காலத்துப் பெரிய கார் கம்பெனிகளின் எத்தனையோ வண்டிகளுக்கு வாய்க்காத யோகம் இது. எப்படி வந்தது?

முதலில் கொஞ்சம் பூர்வீகம். எம்.ஜி. என்றால் மோரிஸ் கராஜஸ். வில்லியம் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டில் நடத்திய கார் விற்பனைக் கடையின் பெயர். 1920களில் அங்கே மேனேஜராக இருந்த செசில் கிம்பர், முதலாளி தயாரித்த சாதாரண மோரிஸ் காரின் அடிப்பாகத்தை எடுத்து, மேலே அழகான, லேசான பாடி கட்டி விற்க ஆரம்பித்தார். கவனியுங்கள், முதல் நாளிலிருந்தே இதுதான் சூத்திரம்: உள்ளே குடும்பக் கார், மேலே ஸ்போர்ட்ஸ் சட்டை. 1929-ல் தொழில் ஆபிங்டனுக்கு மாறியது. கிம்பரை 1941-ல் கம்பெனி வெளியே அனுப்பியது. 1945 பிப்ரவரியில் லண்டன் கிங்ஸ் கிராஸ் ஸ்டேஷனில் நடந்த ஒரு ரயில் விபத்தில் அவர் இறந்துபோனார். கார் மனிதருக்கு ரயிலில் விதி.

போர் முடிந்தபோது பிரிட்டன் கிட்டத்தட்ட திவால். டாலர் வேண்டும். ஏற்றுமதி செய்கிற கம்பெனிக்குத்தான் எஃகு ஒதுக்கீடு என்று அரசாங்கம் கறாராக இருந்தது. 1945 முதல் 1949 வரை தயாரான எம்.ஜி. டி.சி. என்ற மாடல் சுமார் பத்தாயிரம் வண்டி. அமெரிக்காவுக்குப் போனதும் வலது பக்க ஸ்டியரிங்கோடுதான் போனது. இருந்தும் அங்கே ஒரு பைத்தியத்தைக் கிளப்பிவிட்டது. 1948-ல் கலிஃபோர்னியாவில் ஆல் மாஸ் என்பவர் பிரிட்டிஷ் கார்களுக்காக ஆரம்பித்த சின்னக் கடைதான் பிற்பாடு மாஸ் மோட்டார்ஸ் என்ற மிகப்பெரிய உதிரிபாக வியாபாரமாக வளர்ந்தது. இந்தப் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கார் செத்த பிறகு அதற்குச் சோறு போட்டவர்களில் இவரும் ஒருவர்.

டி.சி. எஞ்சினில் ஒரு வேடிக்கை உண்டு. வீட்டில் பழுது பார்க்கிறவனை அழவைக்கும் வேடிக்கை. அதன் போல்ட்டுகளில் மரை மெட்ரிக், தலை விட்வொர்த். இங்கிலாந்துக் காரில் மெட்ரிக் மரை எப்படி? 1923-ல் கவென்ட்ரியில் இருந்த ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் தொழிற்சாலையை மோரிஸ் வாங்கினார். அங்கிருந்த மெஷின்கள் எல்லாம் பிரெஞ்சு அளவில் மரை வெட்டுபவை. மாற்றினால் செலவு. எனவே மரையைப் பிரெஞ்சிலேயே விட்டுவிட்டு, உள்ளூர் மெக்கானிக்கின் ஸ்பானர் பொருந்தவேண்டும் என்பதற்காகத் தலையை மட்டும் இங்கிலீஷ் அளவில் செய்தார்கள். பிரான்சில் பிறந்து கவென்ட்ரியில் தொப்பி போட்டுக்கொண்ட போல்ட். கடையில் போய் ஒரு போல்ட் தொலைந்துவிட்டது என்றால் எளிதில் கிடைக்காது. மூலதனச் செலவை மிச்சம் பிடித்த ஒரு முடிவு, நூறு வருடம் கழித்தும் யாரோ ஒருவனுடைய ஞாயிற்றுக்கிழமையைச் சாப்பிடுகிறது.

டி.சி.க்குப் பின் சில மாடல்கள், 1955-ல் எம்.ஜி.ஏ., பிறகு 1962 இலையுதிர் காலத்தில் நம் கதாநாயகி எம்.ஜி.பி. ஜான் தார்ன்லி மேனேஜர், சிட் எனவர் தலைமை எஞ்சினியர், பாடியை வரைந்தவர் டான் ஹேட்டர். 1798 சிசி, 95 குதிரைசக்தி, மணிக்கு நூறு மைலைத் தாண்டும். 1980 வரை, கூரை போட்ட ஜி.டி. மாடலையும் சேர்த்து, 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பெரும்பகுதி அமெரிக்காவுக்கு.

இனி நம்மூர் சங்கதி. நான் வேலை பார்ப்பது கொல்கத்தாவில். ஹூக்ளியின் அக்கரையில், கொஞ்சம் வடக்கே போனால் உத்தர்பாரா. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் அம்பாசடர் கார் செய்த இடம். 1959-லிருந்து அம்பாசடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் பி.எம்.சி. கம்பெனியின் பி-சீரிஸ் வகை. எம்.ஜி.ஏ. முதலில் வந்தபோது அதிலிருந்ததும் அதே 1489 சிசி பி-சீரிஸ்தான். இரட்டைக் கார்பரேட்டர் போட்டு முறுக்கேற்றியிருந்தார்கள். அதையே கொஞ்சம் பெருக்கியதுதான் எம்.ஜி.பி.யின் 1798. கொல்கத்தாவின் மஞ்சள் டாக்சிகளில் கடகடத்த 1500 சிசி டீசலும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ஆக, கலிஃபோர்னியாக் கடற்கரையில் காதலியோடு போனவனும், ஹவுரா ஸ்டேஷனிலிருந்து மூட்டை முடிச்சோடு நாம் ஏறிப் போனதும் அண்ணன் தம்பி எஞ்சின்களில். சென்னைக்காரர்கள் வருத்தப்படவேண்டாம், உங்களுக்கும் ஒன்று உண்டு: சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் மூலமான டிரையம்ஃப் ஹெரால்டு செசியைக் குறுக்கித்தான் 1962-ல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், வீட்டில் பழுது பார்க்க முடிகிற கதையின் முதல் பாதி இங்கேதான் இருக்கிறது. இது அபூர்வமான எந்திரம் அல்ல. லட்சக்கணக்கான குடும்பக் கார்களிலும் வேன்களிலும் ஓடிய எஞ்சின். எந்த ஊர் மெக்கானிக்கும் மோப்பம் பிடித்தே கழற்றுவார். ஆபிங்டன் தொழிற்சாலையே அப்படித்தான். அங்கே எஞ்சின் வார்ப்பதில்லை, பாடி அழுத்துவதில்லை. பாடி ஸ்விண்டனிலிருந்து வரும், எஞ்சின் வேறு ஆலையிலிருந்து வரும். ஆபிங்டனில் நடந்ததெல்லாம் பொருத்துவது மட்டும். அந்த அசெம்பிளி லைனுக்கு மோட்டார்கூடக் கிடையாது. ஒரு ஆள் தன் வேலையை முடித்ததும் வண்டியைக் கையால் தள்ளி அடுத்த ஆளிடம் விடுவார். கையால் தள்ளி, ஸ்பானரால் முடுக்கிய வண்டியை, ஸ்பானரால் கழற்றிக் கையால் தள்ள வீட்டிலும் முடியும்தானே.

சொல்லிக்கொடுக்கவும் ஆள் வந்தார். பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்த ஜான் ஹேய்ன்ஸ் ஏடனில் வேலை பார்த்தபோது, கூட இருந்த ஒருவர் பழைய ஆஸ்டின் ஹீலி ஸ்ப்ரைட் வாங்கியிருந்தார். கம்பெனி கொடுத்த மேனுவல், கம்பெனி மெக்கானிக்குக்குத்தான் புரியும். எனவே இருவரும் எஞ்சினைப் பிரித்துப் பூட்டும்போது ஒவ்வொரு படியையும் ஹேய்ன்ஸ் படம் பிடித்தார். அது 1966-ல் புத்தகமாக வந்தது. முதல் ஹேய்ன்ஸ் மேனுவலே ஒரு பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்குத்தான் என்பது தற்செயல் இல்லை என்பது என் எண்ணம். பழையதாகி விலை இறங்கிய ஸ்போர்ட்ஸ் காரை வாங்குகிறவன் யார்? ஆசை நிறைய, காசு குறைய உள்ள இளைஞன். மெக்கானிக்கிடம் விட வசதி இல்லாதவன்.

சரி, எஞ்சின் பிரச்சினையில்லை. வண்டியைக் கொன்றது எது? துரு.

எம்.ஜி.ஏ.வுக்குத் தனியாகச் செசி உண்டு. எம்.ஜி.பி.க்குக் கிடையாது, பாடியேதான் செசி. தகடுகளை மடித்துப் பெட்டி பெட்டியாக வெல்டு செய்து, அந்தப் பெட்டிகளே பாரம் தாங்கும். மேலே கூரை இல்லாத வண்டியில் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இழுத்துப் பிடிப்பவை, கதவுக்குக் கீழே இருபுறமும் ஓடும் இரண்டு சில்கள்தான். வெளித் தகடு, நடுவே செங்குத்தாக ஒரு தகடு, உள் தகடு என்று மூன்று அடுக்கு. அடியில் கோட்டை மதில் மாதிரிப் பல் பல்லாக மடித்த ஒரு தகடு. அதைக் காசில் ரெயில் என்பார்கள். இங்கிலாந்தில் பனிக்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்புத் தண்ணீரும் சேறும் உள்ளே புகுந்து தங்கிவிடும். வெளியே பளபளவென்று பெயின்ட். உள்ளே அப்பளம்.

வீட்டில் இந்தச் சில்லை மாற்றுவதுதான் எம்.ஜி.பி. மறுசீரமைப்பின் பரீட்சை. அனுபவசாலிகள் சொல்லும் முறை கிட்டத்தட்ட ஓர் ஆபரேஷன். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டக்கூடாது. வண்டியை ஜாக்கி ஸ்டாண்டில் ஏற்றும்போது எந்த இடத்தில் தாங்குகிறோம் என்பது முக்கியம். முனைகளில் மட்டும் தாங்கினால் நடுவே தொய்ந்துவிடும். கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் கம்பியைத் தற்காலிகமாக வெல்டு செய்து கட்டிக்கொள்ளவேண்டும். அடிக்கடி கதவை மாட்டி மூடிப் பார்க்கவேண்டும். கதவின் இடைவெளி மேலே குறுகிக் கீழே அகன்றால் வண்டி முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் வெல்டு செய்துவிட்டால் பிறகு ஜென்மத்துக்கும் கதவு சரியாக மூடாது. இன்னொன்று, சில் என்பது கதவுக்குக் கீழே தெரிகிற நீளம் மட்டுமல்ல. முன் மட்கார்டுக்கு அடியிலும் போகிறது. ஒழுங்காக மாற்றவேண்டுமென்றால் மட்கார்டைக் கழற்றவேண்டும். பாதிப் பேர் இங்கேதான் வழுக்குவார்கள்.

வழுக்கியவர்களுக்கென்றே ஒரு சாமான் விற்றார்கள்: கவர் சில். துருப்பிடித்த பழைய சில்லை வெட்டாமல், அதன் மேலேயே புதுத் தகட்டைப் போர்த்தி வெல்டு செய்து, பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துவிடுவது. சர்டிஃபிகேட் வாங்க அது போதும். உள்ளே துரு தன் வேலையை நிம்மதியாகத் தொடரும். எங்கள் தொழிலில் இதற்குச் சமமான வித்தை உண்டு. திரும்பி வராத கடனை அடைக்க அதே ஆளுக்கு இன்னொரு கடன் கொடுத்து, கணக்கு நல்ல நிலையில் இருப்பதாகக் காட்டுவது. மார்ச் 31 அன்று எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். இரண்டிலும் பிற்பாடு வாங்குகிறவன் தலையில்தான் விடியும்.

1980களின் நடுவில் நிலைமை இதுதான். லட்சக்கணக்கில் செய்த வண்டிகள், நல்ல எஞ்சின், தாராளமாக ஸ்பேர் பார்ட்ஸ், ஆனால் எலும்புக்கூடு உதிர்கிறது. ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓர் எல்லைக்கு மேல் முடியாது. ஸ்பானரும் வெல்டிங் செட்டும் வைத்திருக்கிறவன் எதை வேண்டுமானாலும் செய்யலாம். நூற்றுக்கணக்கான டன் அழுத்துகிற பிரஸ் வைத்துக்கொள்ள முடியாது.

இந்த இடத்தில் அந்த 900 பவுண்டைத் திரும்பப் பார்ப்போம். ஓர் ஆலையில் பல மாடல் செய்யும் பெரிய கம்பெனியில், பொதுச் செலவை எந்த மாடல் தலையில் எவ்வளவு ஏற்றுவது என்பது கணக்கன் கையில் இருக்கிறது. மாற்றி ஏற்றினால் நஷ்டம் மாறும். இதை விடுங்கள், அதைவிடப் பெரிய விஷயம் நாணய மாற்று. 1976 கடைசியில், பிரிட்டன் ஐ.எம்.எஃப். வாசலில் நின்ற சமயத்தில், ஒரு பவுண்டுக்கு ஏறத்தாழ 1.60 டாலர். வடகடல் எண்ணெயும், தாட்சர் அரசு 1979 நவம்பரில் 17 சதவீதம் வரை ஏற்றிய வட்டியும் சேர்ந்து 1980-ல் பவுண்டு 2.40 டாலரை ஒட்டிப் போனது. பேச்சுக்கு அமெரிக்க டீலர் ஒரு காருக்கு 6000 டாலர் கொடுக்கிறார் என்று வையுங்கள். 1.60 என்றால் கம்பெனி கைக்கு 3750 பவுண்டு. 2.40 என்றால் 2500. கார் அதே கார், ஆள் அதே ஆள், 1250 பவுண்டு காற்றில் போய்விட்டது. ஆபிங்டன் தொழிலாளி ஒரு போல்ட்டைக்கூடத் தவறாக முடுக்கவில்லை.

அதற்காக லேலண்ட் தலைவர் மைக்கேல் எட்வர்ட்ஸ் வில்லன் என்று நான் சொல்லமாட்டேன். அரசாங்கப் பணத்தில் மூச்சு விட்டுக்கொண்டிருந்த கம்பெனி, எதையாவது வெட்டியாக வேண்டும். எம்.ஜி.பி.யும் 1962-ன் வண்டி. அமெரிக்கச் சட்டத்துக்காக 1974-ல் முகத்தில் பெரிய கறுப்பு ரப்பர் பம்பரை மாட்டி, உயரத்தை ஒன்றரை அங்குலம் தூக்கியதில் வளைவில் திரும்பும் சுகமும் போயிருந்தது. புது மாடலுக்குப் பல வருடம் பணம் ஒதுக்காமல் விட்டதுதான் உண்மையான குற்றம். அது எட்வர்ட்ஸ் வருவதற்கு முன்பே நடந்தது. 1980-ல் ஆஸ்டன் மார்ட்டின் தலைவர் ஆலன் கர்ட்டிஸ் ஒரு கூட்டணி சேர்த்து ஆபிங்டனை வாங்கப் பார்த்தார். பணம் திரளவில்லை. அந்த அக்டோபரில் கடைசி வண்டி வெளியே வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போனது. அவர்களுடைய நஷ்டம் எந்த பாலன்ஸ் ஷீட்டிலும் இல்லை.

ஆனால் அந்த பாலன்ஸ் ஷீட்டில் இன்னொன்றும் இல்லை. பாடியை அழுத்தும் டைகள். கம்பெனியைப் பொறுத்தவரை அவை பழைய இரும்பு. லேலண்ட் 1975-ல் பழைய மாடல்களுக்கு உதிரிபாகம் கிடைக்கச் செய்ய பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்று ஒரு துணை நிறுவனம் தொடங்கியிருந்தது. அதன் பொறுப்பில் இருந்த டேவிட் பிஷப்புக்கு ஒரு யோசனை. சிதறிக் கிடக்கும் டைகளைத் தேடிச் சேர்த்தால் எம்.ஜி.பி.யின் முழு பாடியையே மறுபடி செய்யலாமே? தேடினார்கள். கிடைத்ததைச் சுத்தம் செய்தார்கள், கிடைக்காததைப் புதிதாகச் செய்தார்கள். 1988-ல் ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே ஃபேரிங்டனில் இருந்து, உற்பத்தி நின்று எட்டு வருடம் ஆன காரின் பாடி, துருவே இல்லாமல், புத்தம் புதிதாக விற்பனைக்கு வந்தது. பிறகு மிட்ஜெட், டி.ஆர்.6, மினி என்று மற்றவற்றுக்கும் வந்தது.

ஒரு கார் கம்பெனி மூடிய மாடலுக்கு முழு பாடியைத் திரும்ப விற்றது சாதாரண விஷயமில்லை. இதன் விளைவு ஷெட்டில் வேலை செய்கிறவனுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை. மஸ்டா 1989-ல் எம்.எக்ஸ்-5 கொண்டுவந்து, பிரிட்டிஷ்காரன் கைவிட்ட சந்தையை ஜப்பான்காரன் அள்ளியபோது, ரோவர் கம்பெனி விழித்துக்கொண்டு, இதே ஹெரிடேஜ் பாடியை மாற்றியமைத்து உள்ளே வி8 எஞ்சின் வைத்து 1993-ல் எம்.ஜி. ஆர்.வி.8 விற்றது. சுமார் இரண்டாயிரம் வண்டி. பெரும்பாலும் போன இடம் ஜப்பான்!

புது பாடி, ரீகண்டிஷன் எஞ்சின், புது வயரிங், புது சீட். பழைய வண்டியில் மிச்சம் என்ன? அது அதே கார்தானா? நாம் தத்துவம் பேசலாம். பிரிட்டிஷ் அரசாங்கத்தின் வாகனப் பதிவு அலுவலகம் அதற்கு மார்க் போட்டது. பல வருடம் கடைப்பிடித்த விதிப்படி பாடி அல்லது செசிக்கு 5 புள்ளி. சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டியரிங் தலா 2. எஞ்சினுக்கு வெறும் 1. எட்டுப் புள்ளி தேறினால் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். தயாரிப்பாளரிடம் ரசீதோடு வாங்கிய அதே அளவிலான புது பாடிக்கும் அந்த 5 உண்டு. குமாஸ்தாத்தனமான விடை என்று சிரிக்கலாம். எனக்கு அது பிடித்திருக்கிறது. யாரோ உட்கார்ந்து நிதானமாக யோசித்து, ரசீதைக் காட்டு என்று கேட்டிருக்கிறார்கள். நம்பர் நிலைத்தால் வரிவிலக்கும் நிலைக்கும். அங்கே நாற்பது வயது தாண்டிய வண்டிக்குச் சாலை வரி கிடையாது.

கட்டி முடித்தபின் பராமரிப்பு. இது சும்மா சாவியைத் திருப்பி ஓட்டுகிற வண்டி இல்லை. முன் சக்கரத்துக் கிங்பின்னுக்கு மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்கவேண்டும். டாப்பெட் இடைவெளி 0.015 அங்குலம், ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கவேண்டும். எஸ்.யு. கார்பரேட்டர் இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று, ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து மறுமுனையைக் கார்பரேட்டர் வாயில் வைத்து, இந்தப் பக்கம் ஒரு சீறல், அந்தப் பக்கம் ஒரு சீறல் என்று கேட்டுச் சமன் செய்வார்கள். டாக்டரேதான். கார்பரேட்டர் தலையில் உள்ள மூடியைத் திறந்து கொஞ்சம் எண்ணெய் விடவேண்டும். அதை மறந்தால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டி திக்கும்.

மின்சார சமாசாரத்துக்கு வந்தால் லூகாஸ் ஜோக்குகள். ஜோசஃப் லூகாஸை அமெரிக்கர்கள் இருட்டின் இளவரசன் என்பார்கள். லைட் எப்போது அணையும் என்று சொல்ல முடியாதாம். (பாடிக்காரர்கள் கோபிக்கவேண்டாம். 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். அந்த லூகாஸோடு கூட்டுச் சேர்ந்ததுதான். சென்னையில் பஸ் ஸ்டாப்புக்கே பேர் வைத்த கம்பெனியை நான் கேலி செய்வேனா.) நியாயமாகப் பார்த்தால் பாதிப் பழி எர்த் இணைப்பையே சேரும். துருப்பிடித்த பாடியின் வழியாகத்தான் கரண்ட் திரும்பிப் போகவேண்டும். இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே லைட் பளிச்சென்று எரியும். அதோடு 1967 வரை வந்த வண்டிகளில் பாசிட்டிவ் எர்த். அது தெரியாமல் இன்றைய பழக்கத்தில் பேட்டரி மாட்டினால் புகைதான்.

பெட்ரோலும் மாறிக்கொண்டே இருக்கிறது. 2000-ல் பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. ஈயம் இருந்தவரை வால்வு உட்காரும் இடத்தை அது காத்தது. எனவே ஹெட்டைக் கழற்றி லேத்தில் கொடுத்து, கெட்டியான வால்வு சீட் போட்டார்கள். 2021-ல் 10 சதவீத எத்தனால் கலந்தது வந்ததும் பழைய ரப்பர் ஹோஸ்கள் இளகத் தொடங்கின, அவற்றையும் மாற்றினார்கள். இங்கே நம் பங்கில் 20 சதவீதம் வந்துவிட்டது, பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

மொத்தச் செலவு? ஹெரிடேஜ் பாடி மட்டுமே இன்று பத்தாயிரம் பவுண்டுக்கு மேல். அந்தப் பணத்துக்கு ஓடுகிற நிலையில் ஒரு எம்.ஜி.பி.யையே வாங்கிவிடலாம். அதன்பின் பெயின்ட், குரோம், டயர். தன் உழைப்புக்கு மணிக்கு ஒரு பவுண்டு போட்டால்கூட யாரும் லாபம் காட்டமுடியாது. எங்கள் கிளையில் இப்படி ஒரு புராஜக்ட் ரிப்போர்ட் வந்தால் நானே மறுத்துக் கையெழுத்துப் போடுவேன். ஆனால் இதே ஆட்கள் சேர்ந்துதான் ஒரு தொழிலை நிறுத்திவைத்திருக்கிறார்கள். பிரஸ் ஓடுகிறது, ஹோஸ் செய்கிறவனுக்கு ஆர்டர் வருகிறது, மாஸ் மோட்டார்ஸ் கேட்டலாக் தடியாகவே இருக்கிறது. லேலண்ட் 1979-ல் எண்ணிப் பார்த்தது, அடுத்த வருடம் கார் வாங்கப்போகிறவனை மட்டும். ஏற்கெனவே வாங்கிய 5 லட்சம் பேரும், அவர்களிடம் மூன்றாம் கை நான்காம் கையாக வாங்கப்போகிறவர்களும் ஒரு சந்தை என்று அதற்குத் தோன்றவில்லை.

எம்.ஜி. என்ற பெயர் ரோவர் 2005-ல் மூழ்கியபின் சீனாவின் நான்ஜிங் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து எஸ்.ஏ.ஐ.சி.க்குப் போய், 2019-ல் குஜராத்தின் ஹாலோலிலிருந்து ஹெக்டராக நம் தெருவுக்கு வந்தது. எங்கள் அபார்ட்மென்டிலேயே இரண்டு நிற்கின்றன. அதன் மூக்கில் இருப்பது கிம்பர் காலத்து எண்கோண முத்திரைதான்.

அம்பாசடர் விஷயத்தில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. உத்தர்பாராவில் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. 2017-ல் அந்தப் பெயரை மட்டும் 80 கோடி ரூபாய்க்குப் பிரான்சின் பியூஜோ வாங்கிக்கொண்டது. கொல்கத்தாவில் 15 வயது தாண்டிய டாக்சிகள் கோர்ட் உத்தரவால் ஒதுங்கிக்கொண்டே வருகின்றன. பவானிபூர் பக்கம் ஒரு சந்தில் அம்பாசடர் டிங்கரிங் மட்டும் செய்யும் ஒரு பெரியவர் இருக்கிறார். சில்லுக்கு வேண்டிய தகட்டைக் கையாலேயே தட்டி வளைத்துக்கொள்கிறார், அச்சும் இல்லை, அளவுப் படமும் இல்லை. போன மாதம் நான் பார்த்தபோது அவரிடம் வேலைக்கு இரண்டு வண்டிதான் இருந்தது. ஒன்று சினிமா ஷூட்டிங்குக்கு வாடகை விடுகிறவருடையது, இன்னொன்று லேக் கார்டன்ஸில் ரிட்டையரான ஒரு கல்லூரிப் பேராசிரியருடையது. கதவை மாட்டி மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார்.